குறட்டைக்கு வாயில் போடும் பிளேட்: 14 மாதம் பாவித்தவன் எழுதுவது

முதலில் விலை. ஒரு சாமான் வாங்க முன் மற்றவர்கள் எழுதியதை வாசித்தால் நான் தேடுவது அதைத்தான்; பாதிப் பேர் அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சமெல்லாம் எழுதுவார்கள். நித்திரையில் கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிற இந்தப் பிளேட் எனக்கு 85,000 ரூபாய். அதைப் போட முன் இரண்டு பல் அடைத்து, ஊத்தை எடுத்தது 14,000. நித்திரையில் மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் டெஸ்ட் மூன்று தடவை, தடவைக்கு 18,000. ஆகக் கூட்டினால் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒன்லைனில் வாங்கி நாசமாய்ப் போன 6,500 ரூபாயும், மெஷின் வாடகைக்கு எடுத்த காசும் இந்தக் கணக்கில் இல்லை. அந்தக் கதைகள் பின்னால் வருகின்றன.

நான் திருகோணமலையில் வான் ஓடுகிறவன். சொந்த வான், அநேகமாகக் கட்டுநாயக்கா ஹயர். வெளிநாடு போகிறவர்களை இரவு ஒன்பது மணிக்கு உப்புவெளியிலோ பாலையூற்றிலோ ஏற்றினால் விடியப்புறம் மூன்று மணிபோல எயார்போட்டில் இறக்குவேன். வருகிற ஆட்கள் இருந்தால் அவர்களோடு திரும்புவேன், இல்லாவிட்டால் வெறும் வான். வயது 51. கழுத்து 17 இஞ்சி. கழுத்தின் அளவை ஏன் எழுதுகிறேன் என்றால், நித்திரையில் மூச்சு நின்று நின்று போகிற இந்த வருத்தத்துக்குப் போனால் டொக்டர்மார் இஞ்சி நாடாவை எடுத்து முதலில் அளப்பது அதைத்தான்.

குறட்டை எங்கள் குடும்பச் சொத்து. அப்பா விட்டார், அண்ணை விடுகிறார், நானும் விடுகிறேன். அதை ஒரு வருத்தமாக யாரும் நினைத்ததில்லை. மனைவிதான் ஒரு நாள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நீங்கள் குறட்டை விடேக்க எனக்கு நித்திரை வந்திடும். நிப்பாட்டினாத்தான் பயம்." சத்தம் ஏறி ஏறிப் போய்த் திடீரென்று நின்றுவிடுமாம். நெஞ்சு மட்டும் இழுக்குமாம், காற்று போகாதாம். அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்குவாளாம். இருபது தாண்டினால் உலுப்புவாளாம். அநேகமாக அதற்கு முன்னமே தண்ணீருக்குள் இருந்து எழும்பினவன் மாதிரி ஒரு இழுவை இழுத்து நான் மறுபக்கம் திரும்பிவிடுவேனாம். எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

2023 ஓகஸ்டில் சிரிப்பு நின்றது. வெறும் வானோடு திரும்பி வருகிறேன், ஹபரணை தாண்டியாயிற்று, அக்போபுர இன்னும் வரவில்லை. இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கிற இடம். அந்த இடத்தில் நான் வழமையாகக் கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டேன். சரளைக் கல் டயரில் அடிக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறக்கிறேன், இடது பக்கச் சில்லு இரண்டும் தாருக்கு வெளியே. எத்தனை விநாடி ஓடியது, வான் எவ்வளவு தூரம் தானாகப் போனது, இன்றுவரை தெரியாது. முதல் நாள் பகல் ஏழு மணித்தியாலம் படுத்திருந்தேன். அதுதான் விளங்கவில்லை. நித்திரை இல்லாமல் ஓடினால் கண் சொக்கும், சரி. நித்திரை கொண்டவனுக்கு ஏன் சொக்க வேண்டும்?

கந்தளாய்க் குளத்தடியில் வானை ஓரம் கட்டிவிட்டு சீற்றைச் சாய்த்துப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர். "அண்ணன், குறட்டை கேட்டுக்கிட்டே இருந்திச்சு, டக்கெண்டு நிண்டு போச்சு. அதான் என்னமும் ஆகிட்டோ எண்டு பாக்க வந்தன்" என்றார். மனைவி சொன்னதை முன்பின் தெரியாத மனிதன் அப்படியே திருப்பிச் சொல்கிறான். அன்றைக்குத்தான் டொக்டரிடம் போக முடிவெடுத்தேன்.

கொழும்பில் ஒரு நித்திரை வருத்த டொக்டர். முதலில் ஒரு தாளைத் தந்தார், எட்டுக் கேள்வி. வாசிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா இருக்கும்போது கண் அயர்ந்துபோக எவ்வளவு சாத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மெல்பேர்னில் மரே ஜோன்ஸ் என்ற டொக்டர் 1991இல் வெளியிட்டதாம், எப்வேர்த் அளவுகோல் என்று பெயர். மொத்தம் 24, பத்துக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். எனக்கு 15. வாகனத்தில் பயணியாக ஒரு மணித்தியாலம் போனால் தூங்குவீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஓடுகிறவனுக்கு என்று தனிக் கேள்வியைக் காணவில்லை.

பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் தந்துவிட்டார்கள். வீட்டில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும்: நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். என்னைப் பார்த்துவிட்டு மாமி கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். அடுத்த ஹயரில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

முடிவு மணித்தியாலத்துக்கு 24. அதாவது மூச்சு பத்து விநாடிக்குக் குறையாமல் நிற்கிறது, அல்லது மெலிந்து போகிறது. அப்படி ஒரு மணித்தியாலத்துக்கு 24 தரம். ஐந்துக்குக் கீழ் இருந்தால் பிரச்சினை இல்லை. 5 முதல் 15 லேசு, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. இரத்தத்தில் ஒட்சிசன் 79 வீதம் வரை இறங்கியிருந்தது. நித்திரையில் தொண்டைத் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் விழுகிறது, காற்று போகிற வழி ஒட்டிக்கொள்கிறது. மூளை பதறி அரைகுறையாக எழுப்பி வழியைத் திறக்கிறது. திரும்பவும் விழுகிறது. நான் ஏழு மணித்தியாலம் படுத்தேன் என்று நினைத்தது முழுக்க இந்த இழுபறிதான். கண் ஏன் சொக்கியது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருந்தது.

டொக்டர் முதலில் சொன்னது பிளேட் இல்லை, மெஷின். சீபாப் என்கிறார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டி, குழாய் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளித் தொண்டை ஒட்டாமல் வைத்திருப்பது. சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1981இல் முதலில் செய்து காட்டியபோது தூசு உறிஞ்சும் மெஷினின் மோட்டரைத்தான் பாவித்தாராம். புதிதாக வாங்க இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றார்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தேன்.

மெஷினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் போட்டுப் படுத்த மூன்றாம் நாள் விடிய எழும்பினபோது, கலியாணத்துக்கு முன் இருந்த மாதிரித் தலை லேசாக இருந்தது. எனக்குச் சரிவராதது என் தொழில். கிழமையில் மூன்று இரவு நான் படுப்பது வானுக்குள், எயார்போட்டுக்கு வெளியே மற்ற ஓட்டுநர்களோடு. அங்கே பிளக் எங்கே இருக்கிறது? பற்றரியில் ஓடுகிற சின்ன மெஷினும் இருக்கிறதாம், விலையைக் கேட்டுப் பேசாமல் வந்தேன். கரண்டை நம்பவும் பயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினதை யார் மறப்பது? அது முடிந்த கதை என்று இருந்தால், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்து நாடு முழுக்க இருட்டு. அது பகல், ஆனால் குரங்குக்கு நேரம் காலம் இருக்கிறதா?

மெஷினைத் திருப்பிக் கொடுத்த கையோடு நான் செய்த மடத்தனம்தான் அந்த 6,500. போனில் ஒரு விளம்பரம், ஒரே இரவில் குறட்டை போய்விடும் என்று. கடையின் பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பக்கமே இல்லை. வந்தது குத்துச்சண்டைக்காரர் கடிக்கிற இறப்பர் மாதிரி ஒன்று. சுடுதண்ணியில் போட்டு இளக்கி, கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளிக் கடித்து அச்சாக்க வேண்டும். எவ்வளவு முன்னுக்கு என்று தாளில் இல்லை. நான் மடையன் மாதிரித் தள்ளக்கூடிய மட்டும் தள்ளிக் கடித்தேன். விடிய வாயைத் திறந்தால் காதடியில் டக் டக் என்று சத்தம், இடியப்பம் சப்பவே நோவு. பாதி இரவில் தானாகக் கழன்று தலையணைக்குக் கீழே கிடக்கும். ஒன்பதாம் நாள் மாமி அதை என் பல்செட் என்று நினைத்து, பாவம், கொதிதண்ணி ஊற்றிக் கழுவிவிட்டாள். சுருண்டு வாழைப்பழத் தோல் மாதிரி ஆனது. மாமிக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நகரத்தில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். இளம் டொக்டர் பிள்ளை. நான் உட்காரமுதலே "அங்கிள், டெஸ்ட் ரிப்போட் இருக்கா?" என்று கேட்டா. இல்லாவிட்டால் செய்துதரமாட்டாவாம். எனக்கு முதலில் கோபம், காசு தருகிறேன் என்றால் செய்யவேண்டியதுதானே. பிறகு விளங்கப்படுத்தினா. மூச்சு நிற்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று என்னுடையது, வழி அடைபடுவது. மற்றது மூளையே மூச்சு எடுக்கச் சொல்லாமல் விடுவது. இரண்டாவதற்குத் தாடையை இழுத்து ஒரு பிரயோசனமும் இல்லை. டெஸ்டில் மணித்தியாலத்துக்கு முப்பது, நாற்பது என்று வருகிறவர்களுக்கு முதலில் மெஷின்தான், முடியவே முடியாது என்றால்தான் பிளேட். அமெரிக்காவின் நித்திரை மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட வழிகாட்டியையும் போனில் காட்டினா: மெஷின் ஒத்துவராதவர்களுக்கு, அல்லது அது வேண்டாம் என்பவர்களுக்கு, அவரவர் பல்லுக்கு அளந்து செய்த, கூட்டிக் குறைக்கக்கூடிய பிளேட், போட்ட பிறகு திரும்பவும் டெஸ்ட். அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

பிளேட் என்ன செய்கிறது என்பது எனக்குப் புதிதாக இருக்கவில்லை. லைசன்ஸ் எடுத்த காலத்தில் ஒரு முதலுதவி வகுப்புக்குப் போயிருந்தேன். மயங்கிக் கிடக்கிறவனின் கீழ்த்தாடையை இரண்டு கையாலும் முன்னுக்குத் தூக்கச் சொல்லித் தந்தார்கள். தாடையோடு நாக்கும் முன்னுக்கு வரும், மூச்சு வழி திறக்கும். பிளேட் அதையே இரவு முழுக்கச் செய்கிறது, அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியர் ரொபான் என்ற பிரெஞ்சு வைத்தியர், தாடை சிறுத்து நாக்கு பின்னால் விழுகிற பிள்ளைகளைப் பார்த்து, தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் கருவி செய்தாராம். அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான் என் வாயில் இருப்பது.

வேலை இப்படி நடந்தது. முதலில் எக்ஸ்ரே, முரசு பார்த்தல். பிளேட் பல்லில் பிடித்துத் தொங்குகிற சாமான், ஆடுகிற பல்லில் மாட்டினால் பல்லும் சேர்ந்து வரும். மேலும் கீழும் எட்டுப் பத்துப் பல்லாவது உறுதியாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு ஓட்டை அடைத்தா. வெற்றிலையை விடச் சொன்னா, அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. பிறகு பசை மாதிரி ஒன்றை வாயில் வைத்து மேல் அச்சு, கீழ் அச்சு. அடிமட்டம் மாதிரி ஒன்றைக் கடிக்க வைத்து, தாடை பின்னால் எதுவரை, முன்னால் எதுவரை போகும் என்று அளந்தா. எனக்கு முழுத்தூரம் 10 மில்லிமீற்றர். பாதியில், 5இல் தொடங்கலாம் என்றா. சுடுதண்ணியில் போட்டு நான் கடித்தது 10இல். காதடி நொந்ததில் அதிசயம் என்ன?

அச்சு கொழும்பு லாப்புக்குப் போனது. கிளினிக் மீது எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் இது: மூன்று கிழமை என்றார்கள், ஏழு கிழமை ஆனது. முதலில் வந்தது மேல் பக்கம் இறுக்கம், திரும்ப அனுப்பினார்கள். இடையில் ஒரு போன் இல்லை. நான் அந்த றோட்டால் வாரத்தில் மூன்று தரம் கொழும்புப் பக்கம் போகிறவன், சொல்லியிருந்தால் நானே லாப்பில் இருந்து எடுத்து வந்திருப்பேன்.

வந்த சாமானைச் சொல்கிறேன். கண்ணாடி மாதிரித் தெளிவான இரண்டு பிளேட், மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. இரண்டையும் பக்கவாட்டில் சின்ன உலோகத் தண்டு இணைக்கிறது, தண்டில் திருகு. ஊசி மாதிரி ஒரு சாவி வரும். அதால் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பினால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னுக்குப் போகும். போட்டுக்கொண்டு வாய் கொஞ்சம் திறக்கலாம், தண்ணி குடிக்கலாம், சொல்வது விளங்குகிற அளவுக்குக் கதைக்கலாம். இறப்பர்ச் சாமானை இதோடு ஒப்பிடுவது மாட்டுவண்டியை என் வானோடு ஒப்பிடுகிற மாதிரி.

முதல் இரண்டு கிழமை வீணிதான். தலையணை உறை விடிய விடிய நனைந்து கிடக்கும். சிலருக்கு வாய் காயுமாம், எனக்கு மறுபக்கம். கீழ் முன்பல்லில் ஒரு கூச்சம், பத்து நாளில் போய்விட்டது. கிழமைக்குக் கால் மில்லிமீற்றர் என்று திருப்பச் சொன்னா. 6 மில்லிமீற்றருக்கு வந்தபோது மனைவி ஒரு நாள் விடிய வந்து, "ராத்திரி நீங்கள் வீட்டில இருந்தனீங்களோ?" என்று கேட்டாள். சத்தம் முழுக்க நின்றுவிட்டது. எனக்குப் பெரிய புளுகம். அண்ணைக்கு, மச்சானுக்கு, வான் ஸ்ராண்டில் எல்லாருக்கும் போன் அடித்துச் சொன்னேன். காசு வேலை செய்துவிட்டது, இனி என்ன டெஸ்ட், 18,000 மிச்சம் என்று இருந்துவிட்டேன்.

டொக்டர் பிள்ளை விடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தா. மூன்றாம் தரம் அடித்தபோது வெட்கத்தில் போய்ப் பெட்டியை எடுத்து வந்து, பிளேட்டையும் போட்டுக்கொண்டு படுத்தேன். முடிவு 13.

இந்த இடத்தை அவசரப்படாமல் வாசியுங்கள். குறட்டை பூச்சியம். ஆனால் மூச்சு நிற்பது 24இல் இருந்து 13க்குத்தான் இறங்கியிருக்கிறது. சத்தம் என்பது காற்று இடுக்கால் போகும்போது அண்ணத்தின் பின்பக்கமும் உள்நாக்கும் அடித்துக்கொள்வது. பிளேட் அந்த அடிப்பை நிறுத்திவிட்டது. அதற்குக் கீழே நாக்கின் அடி மணித்தியாலத்துக்கு 13 தரம் வழியை மறித்துக்கொண்டுதான் இருந்தது, இப்போது சத்தமில்லாமல். முன்பென்றால் மனைவிக்கு ஒரு அடையாளம் இருந்தது: குறட்டை நின்றால் எண்ணத் தொடங்குவாள். பிளேட் போட்ட பிறகு நிற்பதற்குக் குறட்டையே இல்லை. அவளும் நிம்மதியாக நித்திரை. எங்கள் வீட்டில் இருந்த ஒரே காவற்காரியையும் நான் 85,000 ரூபாய் கொடுத்து நித்திரையாக்கிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்த மாதம் தம்பலகாமம் தாண்டும்போது இரண்டு தரம் கன்னத்தில் அறைந்துகொண்டு ஓடினேன். சத்தம் நின்ற சந்தோசத்தில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு அவசரமில்லாமல் இன்னும் திருப்பினோம். 7 மில்லிமீற்றரில் நிறுத்தினோம். 7.5 போட்டுப் பார்த்தது, காதடி நோவு வந்தது, திரும்ப 7. பக்கவாட்டாகப் படுக்கச் சொன்னா, மல்லாந்தால் நாக்கு இன்னும் விழும். டீசேர்ட்டின் முதுகுப் பக்கம் மனைவி ஒரு பை தைத்து, டென்னிஸ் பந்தைப் போட்டுவிட்டாள், இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. இரவுச் சாப்பாட்டில் பாதி, ஹயர் இல்லாத நாளில் மச்சானோடு போடுகிற தண்ணி நிப்பாட்டு. மூன்றாவது டெஸ்டில் 6. ஒட்சிசன் 88க்குக் கீழ் போகவில்லை. எட்டுக் கேள்வித் தாளில் 15 இருந்த இடத்தில் 7. இதில் பிளேட்டுக்கு எவ்வளவு, பந்துக்கு எவ்வளவு, மச்சானுக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

மெஷின் போட்டிருந்தால் 6ஐயும் விடக் குறைந்திருக்கும் என்று கொழும்பு டொக்டர் நேராகவே சொன்னார். எண்ணிக்கையைக் குறைப்பதில் மெஷின்தான் மேல், அதில் சண்டை இல்லை. ஆனால் மெஷின் அலுமாரிக்கு மேல் இருந்தால் 24 தான். பிளேட்டை நான் வருடத்தில் ஐந்தாறு இரவு தவிர எல்லா இரவும் போட்டிருக்கிறேன், வானுக்குள்ளும்.

இனிக் குறைகள். விடிய பிளேட்டைக் கழற்றினால் கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று சந்திக்காது. தாடை முன்னுக்கே நிற்கும், யாரோ வேறு ஆளின் பல்லைக் கடன் வாங்கின மாதிரி. டொக்டர் தந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை முன்பல்லால் கடித்து மெல்ல மெல்லத் தாடையைப் பின்னுக்கு விட வேண்டும். எனக்கு இருபது நிமிடம். அதற்குள் றோஸ் பாண் சாப்பிடப் போனால் நாக்கைத்தான் கடிப்பேன். எயார்போட்டில் விடிய நான்கு மணிக்கு ஆள் ஏற்றும்போது வாயில் துண்டோடு நின்று பெயர் அட்டையைப் பிடித்திருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னை ஊமை என்று நினைத்து சைகையில் கதைத்தா.

நீண்ட காலத்தில் பல்லும் கொஞ்சம் நகரும். இதை முதல் நாளே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினா. ஒரு வருடத்தில் அளந்தபோது எனக்கு மேல் முன்பல் கீழ்ப் பல்லுக்கு முன்னால் நிற்கும் இடைவெளி அரை மில்லிமீற்றர் குறைந்திருக்கிறது. கண்ணாடியில் தெரியாது, கரும்பு கடித்தால் தெரியும். இது கூடிக்கொண்டு போகலாமாம். வருடத்துக்கு ஒரு தரமாவது காட்டச் சொல்கிறா. இதற்குப் பயந்தால் போடவேண்டாம், ஆனால் யாராவது "ஒன்றும் ஆகாது அங்கிள்" என்று சொல்லி விற்றால் அந்தக் கிளினிக்கில் இருந்து எழும்பி வாருங்கள்.

கழுவுவது லேசு. பச்சைத்தண்ணி, மெல்லிய பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற திரவம். பற்பசை கீறிவிடும். கிழமைக்கு ஒருக்கா பல்செட் வில்லையைக் கரைத்து ஊறவிடுவேன். சுடுதண்ணி கூடவே கூடாது, மாமிக்கு வகுப்பு எடுத்தாயிற்று. எங்கள் ஊர் வெயிலில் வானின் டாஷ்போட்டில் வைத்தாலும் அதே கதிதான், நான் சோத்துப் பார்சல் கொண்டுபோகிற குளிர்ப் பையில் வைத்திருக்கிறேன். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் மணக்கும். வீட்டில் நாய் இருந்தால் கவனம், எச்சில் வாசத்துக்கு எடுத்துச் சப்பிவிடுமாம். மூன்று, நான்கு வருடத்தில் புதிதாகச் செய்ய வேண்டிவரும் என்றார்கள், அந்தக் காசையும் இப்போதே நினைத்துவைக்க வேண்டும்.

அண்ணையின் கதையையும் சொல்லவேண்டும். என் புளுகத்தைக் கேட்டுத் தனக்கும் வேண்டும் என்றார். அவருக்கு மேலே முழுக்கப் பல்செட், கழற்றினால் பிளேட் பிடிக்க ஒன்றும் இல்லை. பல் இல்லாதவர்களுக்கு நாக்கைப் பிடிக்கிற ஒன்று இருக்கிறது: மெல்லிய இறப்பர்க் குமிழ், அமத்திக் காற்றை வெளியே விட்டு நாக்கின் நுனியை உள்ளே கொடுத்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், நாக்கு பின்னால் விழாது. அண்ணை இரண்டு இரவு போட்டார். மூன்றாம் நாள் அண்ணி போன் எடுத்து, "தம்பி, இவர் நாக்கை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார், காளி மாதிரி. எனக்குப் பக்கத்தில படுக்க ஏலாது" என்றா. அவர் இப்போது மெஷின்தான். வீட்டோடு இருக்கிற மனிதன், பக்கத்தில் பிளக் இருக்கிறது, அவருக்கு அது நன்றாகவே பொருந்திவிட்டது. இரத்த அழுத்தக் குளிசை ஒன்றை டொக்டர் குறைத்தும் விட்டிருக்கிறார்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் பிளேட்டுக்கு நான்கு. விடியக்காலைத் தாடைக்கும் நகரும் பல்லுக்கும் ஒன்றைக் கழித்துவிட்டேன். டொக்டர் பிள்ளைக்கு ஐந்தும் கொடுப்பேன், அந்த மூன்று போனுக்காக. லாப்புக்கு இரண்டு.

இப்போது மச்சான் வந்து நிற்கிறான். அவனும் இரவில் ஓடுகிறவன், ஐஸ் மீன் லொறி. தம்புள்ளைக்குப் போய் வருகிறவன். அவனுடைய குறட்டைக்கு என்னுடையது தாலாட்டு. "மச்சான், உன்ர பிளேட்டை ரெண்டு நாளைக்குத் தா, போட்டுப் பாத்திட்டுக் கழுவித் தாறன்" என்கிறான். அது என் பல்லின் அச்சு, உன் வாயில் ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன், நான் கஞ்சத்தனம் பிடிக்கிறேன் என்று முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறான். வெள்ளிக்கிழமை எனக்கு ஹயர் இருக்கிறது. திரும்பி வரும்போது கொழும்பில் அந்தப் பெட்டியை எடுத்துவந்து, இந்த முறை அவனுடைய நெஞ்சில் கட்டப்போகிறேன்.